முந்துகிறவருக்கே முழுப் பொறுப்பு

பட்டிமன்றத் தலைப்பு: சாலையில் ஆபத்துக்குப் பெரிதும் காரணம் வழிவிடாத மெதுவா? வழி பொறுக்காத வேகமா?

('வழி பொறுக்காத வேகமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய பள்ளி ஆசிரியையின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை முந்தலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்தில் கூடியிருக்கிற பெரியோர்களே, வீட்டில் காப்பி ஆறுவது கூடத் தெரியாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார். "சைக்கிள்காரன் ரோட்டுல ஆடி ஆடிப் போறான், நேரா போறதே இல்லை" என்றார். அண்ணே, அவர் ஆடலை. ரோடு ஆடுது! (கைதட்டல்)

நீங்க காருக்குள்ள உட்கார்ந்து பார்க்கிறீங்க. உங்களுக்கு ரோடு பளபளன்னு தெரியுது. ரோட்டோட இடது ஓரத்துல என்ன இருக்குன்னு சைக்கிள்காரரைக் கேளுங்க. ஒரு குழி. குழிக்குப் பக்கத்துல கொஞ்சம் மணல். அதைத் தாண்டினா சாக்கடை மூடி. அதுக்கப்புறம் யாரோ நிறுத்தி வெச்சிருக்கிற கார். அந்தக் கார்ல எப்ப யார் கதவைத் திறப்பாங்கன்னு தெரியாது. இதையெல்லாம் தாண்டினா ஒரு கோழி! (சிரிப்பு) இத்தனைக்கும் நடுவுல ரெண்டு சக்கரத்துல விழாமல் போறாரே, அவருக்கு விருது கொடுக்கணும். நீங்க ஹார்ன் கொடுக்கிறீங்க.

நடுவர்: ஏம்மா, கோழிக்கும் ரோட்டுல உரிமை உண்டா?

அய்யா, கோழிக்கு உரிமை உண்டோ இல்லையோ, பொறுமை உண்டு. அது யாரையும் இடிச்சிட்டு நிக்காம போகலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் ஒன்றே ஒன்றுதான். மெதுவாகப் போவது குற்றம் அல்ல. முந்துவதும் குற்றம் அல்ல. ஆனால் முந்த வேண்டும் என்று முடிவு எடுக்கிறவர் யார்? பின்னால் வருகிறவர். முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் யார்? பின்னால் வருகிறவர். சைக்கிள்காரருக்கு முதுகில் கண் கிடையாது. காருக்கோ மூன்று கண்ணாடி இருக்கிறது. கண் உள்ளவன்தானே பார்த்துப் போகணும்?

இன்னொன்று. சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. மாட்டு வண்டி ஓட்டவும் மோட்டார் லைசென்ஸ் கிடையாது. கார், பஸ், லாரி ஓட்டத்தான் லைசென்ஸ். ஏன்? ஆபத்தை உண்டாக்குகிற சக்தி யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்தான் அரசாங்கம் "உனக்கு விதி தெரியுமா?" என்று பரீட்சை வைக்கிறது. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவர், பரீட்சையே எழுதாதவரைப் பார்த்து "உனக்கு ரூல் தெரியலை"ன்னு திட்டலாமா? (கைதட்டல்)

சரி, விதி என்ன சொல்கிறது? நம் நாட்டில் 1989-ல் சாலை விதிகளை வகுத்தார்கள். அதற்குப் பதிலாக 2017-ல் புதிய ஒழுங்குமுறை வந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. முந்துகிறவர் வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். வளைவில் முந்தக்கூடாது. மேட்டில், எதிரே வருவது தெரியாத இடத்தில் முந்தக்கூடாது. 1989 விதியில் ஓர் அருமையான சொல் இருந்தது. எந்தத் திசையில் போகிற போக்குவரத்துக்கும் ஆபத்தோ இடைஞ்சலோ வரும் என்றால் முந்தக்கூடாது என்றது. கவனியுங்கள், ஆபத்து மட்டும் அல்ல, இடைஞ்சல்! அதுவும் எந்தத் திசையில் போனாலும்! எதிரே வருகிற லாரியைப் பார்த்துப் பயந்து நிற்கிறோமே, அது மட்டும் போக்குவரத்து இல்லை. பக்கத்தில் போகிற சைக்கிளும் போக்குவரத்துதான்.

முந்தப்படுகிறவருக்கும் விதி உண்டு. ஒருத்தர் முந்தும்போது வேகத்தைக் கூட்டக்கூடாது, மறிக்கக்கூடாது. ஆனால் அய்யா, சைக்கிள்காரர் எங்கே வேகத்தைக் கூட்டுவது? காலையில் குடிச்ச கஞ்சிதானே அவருக்குப் பெட்ரோல்! (சிரிப்பு)

சரி, எவ்வளவு தள்ளிப் போகணும்? "பார்த்துப் போங்க"ன்னு சொன்னா நம்ம ஆளு பார்த்துக்கிட்டே இடிப்பான். (சிரிப்பு) அதனால பல நாடுகளில் அளவு போட்டே சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியில் 2020-ல் சட்டத்தில் எழுதினார்கள்: சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி. பிரான்ஸில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2014 முதல் 3 அடி. பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலைக் கையேட்டைத் திருத்தினார்கள். மணிக்கு 30 மைல் வேகம் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர், வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும் என்றார்கள். குதிரை போனால் வேகத்தை 10 மைலுக்குக் குறைத்து, 2 மீட்டர் தள்ளிப் போகணுமாம். குதிரைக்கு இருக்கிற மரியாதை நம்ம ஊர்ல பால்காரருக்கு உண்டா? (கைதட்டல்)

ஏன் ஒன்றரை மீட்டர்? நான் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். ஒன்றரை மீட்டர் என்பது ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். சைக்கிள்காரர் தடுமாறி உங்கள் பக்கமாக விழுந்தாலும் அவருடைய தலை உங்கள் சக்கரத்துக்கு வெளியே விழ வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அவர் விழுவதற்கும் ஓர் இடம் விட்டுத்தான் போகணும். "அந்த அளவுக்கு ரோட்டுல இடம் இல்லையே"ன்னு கேட்பீங்க. இடம் இல்லையென்றால் முந்தாதே! பின்னாலேயே வா! கல்யாணப் பந்தியில இலை காலியாகலைன்னா, சாப்பிடுறவர் மடியிலயா உட்காருவோம்? நின்னு காத்திருக்கிறோமா இல்லையா? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தோழி கேட்டாங்க, "நேரம் போகுதே!" என்று. எவ்வளவு நேரம் போகும்? நான் கணக்கு டீச்சர், போட்டே பார்த்துட்டேன். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் தூரம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 48 விநாடி ஆகும். அதே தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 12 விநாடி. மிச்சம் பிடிச்சது 36 விநாடி! அந்த 36 விநாடியை வைத்து என்ன செய்தீங்க? அடுத்த சிக்னலில் ஒரு நிமிஷம் நின்னீங்க. பின்னாலேயே அந்த சைக்கிள்காரரும் வந்து உங்க பக்கத்துல நின்னார். (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, நம்ம வீட்டுக்காரங்க அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்களே, "அவசரம்"னு!

அய்யா, என்ன அவசரம்? எங்க வீட்டுக்காரர் காலையில அரை மணி நேரம் பேப்பர் படிப்பார். அதுல வராத அவசரம் வண்டிச் சாவியைத் தொட்டதும் வரும்! ரோட்டுல சைக்கிள்காரர் பின்னால போய் விடாம ஹார்ன் அடிக்கிறாரே, வீட்டுல சமையலறை வாசல்ல நின்னு ஒரு தடவை அப்படிச் சத்தம் போட்டுப் பார்க்கட்டும்! (பலத்த சிரிப்பு) இடைவெளி விட்டு நிற்பது எப்படின்னு அன்னைக்கே கத்துக்குவார்! (கைதட்டல்)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். நாட்டில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் இறந்தார்கள் என்கிறது அதே அறிக்கை. மெதுவாகப் போனதால் அல்ல அய்யா, வேகமாகப் போனதால்! வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. இது இயற்பியல். இதற்கு எதிரணியும் இல்லை, மேல் முறையீடும் இல்லை.

எதிரணியினர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. நான் மறைக்க மாட்டேன். சைக்கிளில் விளக்கு இல்லை. கை காட்டாமல் திரும்புகிறார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கூட இல்லாமல் இருட்டில் நகர்ந்து போகிறது. மாட்டு வண்டியில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டு பாதி ரோட்டை அடைக்கிறது. தப்புதான். சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். டிராக்டருக்குப் பின்விளக்கு கண்டிப்பாக வேணும். பிள்ளைகளுக்குத் திரும்பும் முன் கை காட்டச் சொல்லிக் கொடுக்கணும். எல்லாம் சரி. ஆனால் நான் கேட்கிறேன், கை காட்ட மறந்ததற்குத் தண்டனை காலை எடுப்பதா? விளக்கு இல்லாததற்குத் தண்டனை ஒரு வீட்டின் விளக்கையே அணைப்பதா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இப்போது நான் எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை மேடையில் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். சொல்லித்தான் ஆகணும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தறிவு கொடுக்க வந்த இயக்கம், பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். 1992-ல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளிலேயே புதுக்கோட்டையில் ஊர்வலம் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்க அம்மாவும் ஒருத்தி. (கைதட்டல்)

அம்மா விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டாள். முழங்காலில் இன்னமும் தழும்பு இருக்கிறது. ஊர் சிரித்ததற்கு அவள் பயப்படவில்லை. பஸ் சத்தத்துக்குத்தான் பயந்தாள். நான் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அம்மாவின் முதுகு விறைக்கும். எனக்கு என் கையில் தெரியும். பெரிய வண்டி ஒட்டி உரசிக்கொண்டு போகும்போது அந்தக் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். அம்மா இறங்கி முள்ளுக்குள்ளே நின்று விடுவாள். "போகட்டும் புள்ளே, அவன் போகட்டும்" என்பாள். அப்படி முள்ளுக்குள் நின்று நின்றுதான் தண்ணீர் கொண்டுவந்தாள், கீரை விற்றாள், என்னைப் படிக்க வைத்தாள்.

நான் டீச்சர் ஆனேன். கார் வாங்கினேன். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் போகிறார். ஹேண்டில் பாரில் தூக்குவாளி தொங்குகிறது. எதிரே ஒரு லாரி. காத்திருந்திருக்கலாம். "போயிடலாம்" என்று நினைத்தேன். அய்யா, இந்தப் "போயிடலாம்" இருக்கிறதே, எமன் நமக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான்.

என் காரின் இடது கண்ணாடி அவருடைய ஹேண்டில் பாரைத் தட்டியது. சின்னச் சத்தம்தான். பின்னால் பார்த்தால், சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தூக்குவாளிச் சோறு ரோடு முழுக்க.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு முன்னால் அம்மா இறங்கி ஓடினாள். "அண்ணே, அண்ணே"ன்னு தூக்கி உட்கார வைத்தாள். நல்ல வேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கெட்டிக்கார வக்கீல் மாதிரி நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போகிறேன். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "மன்னிச்சிக்க தாயி. நான் இன்னும் ஓரமாப் போயிருக்கணும்."

(அரங்கில் அமைதி)

அடிபட்டவர் மன்னிப்பு கேட்கிறார், நடுவர் அவர்களே! அவர் ஏற்கனவே ஓரத்தில்தான் இருந்தார். அதற்கு மேல் ஓரம் என்றால் வாய்க்கால்தான். எத்தனை வருஷமாக எத்தனை ஹார்ன் கேட்டிருந்தால், ரோடு தன்னுடையது இல்லை என்று ஒரு மனுஷன் முடிவு பண்ணியிருப்பார்?

டாக்டரிடம் காட்டி, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது அம்மா பேசவே இல்லை. ஊர் எல்லை வந்ததும் சொன்னாள்: "வாழ்க்கை பூரா பின்னால வர்ற வண்டிக்குப் பயந்தேன்டீ. இன்னைக்கு அந்த வண்டிக்குள்ள நானே உட்கார்ந்திருந்தேன்."

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சைக்கிளோ, தள்ளுவண்டியோ, மாட்டு வண்டியோ முன்னால் தெரிந்தால் முதலில் கால் ஆக்சிலேட்டரை விட்டு வந்துவிடும். தூரத்திலேயே ஒரு தடவை மெல்ல ஹார்ன், கிட்டே போய் அல்ல. எதிரே காலியா என்று பார்ப்பேன். பின்னால் யாராவது என்னையே முந்துகிறார்களா என்று கண்ணாடியில் பார்ப்பேன். வலது இண்டிகேட்டர் போட்டு, நன்றாக விலகித் தாண்டுவேன். தாண்டினதும் உடனே இடது பக்கம் வெட்ட மாட்டேன். அவர் முழுசாக என் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் என் பக்கத்துக்கு வருவேன். முந்திய கையோடு இடது பக்கத் தெருவில் திரும்புவது கிடையாது. அவர் போகட்டும், அப்புறம் நான் திரும்புகிறேன். வண்டியை நிறுத்தினால் வலது கையால் கதவைத் திறப்பதில்லை. இடது கையால் திறக்கிறேன். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண் பார்க்கும். இதற்குப் பெட்ரோல் செலவு ஒரு பைசா கிடையாது.

இது தர்மம் மட்டும் அல்ல, சட்டமும்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிக்குப் புறம்பாக முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதல் என்று 184-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். முதல் தடவையே 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. ஆனால் போலீஸ்காரர் ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் நிற்க முடியாது. நம்ம மனசாட்சிதான் நிற்கணும்.

நடுவர்: (மணி அடிக்கிறார்) நேரம் ஆச்சும்மா.

இதோ முடிக்கிறேன் அய்யா. நீங்க இப்ப அடிச்சீங்களே, இதுதான் சரியான ஹார்ன்! தூரத்திலேயே, மெதுவா, ஒரே தடவை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நம் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. என் பள்ளியிலும் வரிசையாக நிற்கும். சாயங்காலம் மணி அடித்ததும் அந்தப் பிள்ளைகள் சிட்டாகப் பறந்து ரோட்டுக்கு வருவார்கள். சைக்கிளை அரசாங்கம் கொடுத்துவிட்டது. அந்தப் பிள்ளை போக ஒன்றரை மீட்டரை யார் கொடுப்பது? பின்னால் வருகிற நீங்களும் நானும்தான் கொடுக்கணும்!

எங்க அம்மா மாதிரி ஒருத்தி இனி முள்ளுக்குள் இறங்கி நிற்கக்கூடாது. அந்தப் பெரியவர் மாதிரி ஒருத்தர் இனி அடிபட்டும் மன்னிப்பு கேட்கக்கூடாது. எனவே நடுவர் அவர்களே, சாலையில் ஆபத்துக்குப் பெரிதும் காரணம் வழி பொறுக்காத வேகமே, வேகமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)